முன்வீட்டுக் கொமாண்டரின் செத்த வீடு

நான் பதினொரு வயதில் ஒரு கொமாண்டரைக் கொன்றிருக்கிறேன். துவக்கு, கத்தி ஒன்றும் பாவிக்கவில்லை. வாய் மட்டும்தான். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கடைசி வாங்கில் பக்கத்தில் இருந்து, நான் கதைத்ததற்கு நீங்கள் பேச்சு வாங்கியவர்கள்தானே.

இப்போது எல்லாருக்கும் நாற்பது நெருங்கிவிட்டது. ஒருத்தருக்குக் கொலஸ்ட்ரோல், ஒருத்தருக்கு முதுகு. எனக்கு அந்த இரண்டும், போனஸாக முழங்காலும். 'சின்ன வயதுக் கதை ஒன்றை ஆளாளுக்கு எழுதுங்கோ' என்று நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் கட்டளை வந்ததும் டொக்டர்மார் எழுதினீர்கள், எஞ்சினியர்மார் எழுதினீர்கள். என்னைப் பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு கைகழுவியது. கிரெய்கிபர்ன் பக்கம் ஒரு வெயார்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். நான் எழுதிப் பழகியதெல்லாம் பெட்டியில் 'இந்தப் பக்கம் மேலே' என்பதுதான். கதை தலைகீழாகத் தெரிந்தால் பெட்டியைத் திருப்பிப் பிடியுங்கள்.

அப்போது நாங்கள் மெல்பேர்ணின் வடக்கே ஒரு முட்டுச்சந்தில் வாடகைக்கு இருந்தோம். நேரெதிர் வீடு கொமாண்டருடையது. நாங்கள் குடிவந்த நேரம் அவர் கொமாண்டர் இல்லை, கொங்கிறீட் போடுகிறவர். கொசோவோவிலிருந்து வந்த அல்பேனியர். அங்கே பூமிசாஸ்திரம் படிப்பித்த வாத்தியார். அல்பேனிய மொழியில் படிப்பித்தவர்களை அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பியபோது, அவர் வகுப்பைக் கொண்டுபோய் ஒரு மாட்டுக்கொட்டிலில் வைத்தாராம். அதற்காகக் கொஞ்சக்காலம் சிறையில் இருந்துவிட்டு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாராம்.

இதெல்லாம் அவருடைய மகள் சொன்னது. அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள், ஒரே பள்ளிக்கூடம். அவளுடைய தாய்க்கு, அதுதான் முன்வீட்டு அன்ரிக்கு, இங்கிலீஷில் மூன்று சொல் தெரியும். என் அம்மாவுக்கு நான்கு. ஆகையால் இரண்டு வீட்டுக்கும் இடையில் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியது அவளும் நானும். அவள் சொல்வதை அப்படியே சொல்வாள். நான் கொஞ்சம் உப்புப் புளி சேர்ப்பேன்.

அவர் தன் வீட்டு டிரைவ்வேக்குக் கொங்கிறீட் போட்ட நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. எட்டுப் பேர், ஒரு லொறிக் கலவை, நெருப்பு வெயில். இறுகுவதற்குள் முடிக்க வேண்டும். அவர் நடுவில் நின்று கத்திய கத்தலில் எங்கள் யன்னல் அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து நான் பந்தைத் துரத்திக்கொண்டு ஈரக் கொங்கிறீட்டுக்குள் நாலடி ஓடிவிட்டேன். எட்டுப் பேரும் சிலையாக நின்றார்கள். நான் திரும்பி ஓடப் பார்த்தேன்.

"திரும்பாதே! நேரே போ! முடி!" என்று கத்தினார்.

வந்த வழியே திரும்பினால் சேதம் இரட்டிப்பாகுமாம். நேரே போய் அந்தப் பக்கம் ஏறினேன். அடிக்கவில்லை. என் காலில் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு, தடங்களை மட்டப்பலகையால் இழுத்து அழித்தார்.

கோடை முடிகிற நேரத்தில் அதே டிரைவ்வேயில் அரை பீப்பாயைக் கவிழ்த்து, கீழே நெருப்புப் போட்டு, சாக்குக் கணக்கில் சிவப்பு மிளகாய் சுடுவார்கள். முதல் வருடம் புகையைக் கண்டதும் அம்மா யன்னல்களைப் பூட்டிக்கொண்டு ஓடினார்: "மூக்கைப் பொத்துங்கோ, மிளகாய் வறுக்கினம்!" ஒருத்தருக்கும் தும்மல் வரவில்லை. சுட்டு, தோல் உரித்து, எண்ணெயில் வதக்கி, போத்தலில் அடைத்து எங்களுக்கும் தந்தார்கள். அப்பா விரலால் தொட்டு நக்கிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "இது மிளகாய் இல்லையப்பா. மிளகாய் வேஷம் போட்ட தக்காளி."

பிறகு கொசோவோவில் சண்டை தொடங்கியது. ஒரு குளிர்காலக் காலையில் அவர் முகம் மழித்துக்கொண்டு வந்து அப்பாவுக்குக் கைகொடுத்தார். தாயைப் பார்க்கப் போகிறேன் என்றார். தாயைப் பார்க்கப் போகிறவர் எதற்கு வேலைச் சப்பாத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார் என்று நான் கேட்க வாயெடுக்க, அம்மா பின்னாலிருந்து கிள்ளினார்.

கார் போனதும் அப்பா சொன்னார்: "சனமெல்லாம் சண்டைக்குப் பயந்து இஞ்ச ஓடி வருது. இந்தாள் இஞ்சையிருந்து சண்டைக்கு ஓடுது. கொங்கிறீட்டை மண்டைக்குள்ளையும் ஊத்திப்போட்டார் போல."

சில மாதம் கழித்து பஸ் ஸ்டொப்பில் மகள் சொன்னாள், "அப்பா இப்ப கொமாண்டர்." மலையில் நாற்பது பேர் அவருக்குக் கீழே. பூமிசாஸ்திர வாத்தியாருக்கு அந்த மலைகள் உள்ளங்கை மாதிரித் தெரியுமாம். நான் வீட்டுக்கு ஓடிவந்து உப்புப் புளி சேர்த்து நானூறு பேர் என்றேன். அப்பா பேப்பரிலிருந்து தலையெடுக்காமல் சொன்னார்: "கலவை இறுகிறதுக்குள்ள எட்டுப் பேரை ஏவி வேலை வாங்கின மனிசன். கொமாண்டர் ஆகாமல் வேற என்ன ஆகிறது?"

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய சங்கக் கட்டடத்துக்கு எப்படியோ ஒரு தொலைபேசித் தகவல் வரும். அன்ரி அதைக் கேட்டுவிட்டு வந்து, அடுத்த ஞாயிறு வரை அதிலேயே உயிர் வாழ்வார். பிறகு வெளிநாட்டு விமானங்கள் அங்கே குண்டு போடத் தொடங்கின. தகவல் நின்றுவிட்டது. தொலைக்காட்சியில் டிராக்டர்களில் சனம் போய்க்கொண்டே இருந்தது. அன்ரி தபால்பெட்டியை ஒரு நாளைக்கு ஐந்து தரம் திறப்பார், தபால்காரன் வராத ஞாயிற்றுக்கிழமையிலும்.

இனி நான் கொலை செய்த சனிக்கிழமைக்கு வருகிறேன்.

தமிழ் வகுப்பு முடிந்து வந்திருந்தேன். அம்மா அவர்களுடைய மிளகாய்ப் போத்தலைக் கழுவி, வெறும் போத்தலாகக் கொடுக்கக்கூடாது என்று வடையை நிரப்பி, "கொண்டுபோய்க் குடுத்திட்டு ஓடி வா" என்றார். முன்வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அன்ரி பின்வளவில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். மகள் நெட்போல் விளையாடப் போய்விட்டாள். நான் நேரே உள்ளே போனேன்.

முன்னறைச் சுவரில் கொமாண்டர் இருந்தார். போன கிழமை அங்கே ஒன்றும் இல்லை. பெரிதாக்கிய படம், புள்ளிச் சீருடை, தாடி. சட்டத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி. கீழே சின்ன மேசையில் சிவப்புப் பூ. பூவுக்கு முன்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நீங்களே சொல்லுங்கள். நம் ஊரில் அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, எந்த வீட்டிலாவது "அண்ணை எப்ப வருவார்?" என்று கேட்டிருக்கிறோமா?

வடைப் போத்தலைப் பூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் பறந்தேன்.

"அம்மா! முன்வீட்டு அங்கிள் செத்துப்போனார்!"

"ஆரடா சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. படம் மாட்டியிருக்கு. பூ வைச்சு, விளக்கும் கொளுத்தி."

அம்மா வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுப்பை நூர்த்தார். நேரே தொலைபேசிக்குப் போனார். அப்பா வேலையில் இருந்தார். வீட்டில் இருந்திருந்தால் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேன் என்று பிறகு ஆயிரம் தரம் சொன்னார்.

ஒரு மணித்தியாலத்தில் இரண்டு கார் வந்தது. ஐந்து அன்ரிமார், எல்லாரும் வெளிர்நிறச் சேலை. அதில் ஒருவர் நம் எல்லாருக்கும் தெரிந்த ஒப்பாரி அன்ரி. ஆஸ்பத்திரியில் கிளீனிங் வேலை செய்தவர். மெல்பேர்ணில் எந்தத் தமிழ்ச் செத்த வீடும் அவர் இல்லாமல் தொடங்காது. ரோட்டைக் கடக்கும்போது என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, அந்தாளின்ர நல்ல குணம் ரெண்டு சொல்லு. அழ வேணும்."

"கொங்கிறீட் நல்லாப் போடுவார் அன்ரி."

"வேற?"

"நல்லாக் கத்துவார்."

"சரி விடு. முதலாவது காணும்."

கதவைத் திறந்த முன்வீட்டு அன்ரியின் கையில் உடுப்புக் கவ்விகள் இருந்தன. அம்மாவோடு ஆறு பெண்கள் வாசலில் சப்பாத்தையும் செருப்பையும் கழற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். ஒப்பாரி அன்ரி எடுத்தார்:

"சீமெந்து குழைச்ச கையே, என்ர ராசா,
சீமை கடந்து போய்ச் சாய்ஞ்சியளோ..."

அன்ரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரேயொரு பெயரைக் கேள்வியாகச் சொன்னார். கொமாண்டரின் பெயர். நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். நான் அவரைச் சுட்ட இடம் அதுதான்.

கவ்விகள் நிலத்தில் கொட்டின. அன்ரி அப்படியே சரிந்தார். அவர் வாயிலிருந்து வந்த சத்தம் ஒப்பாரி அன்ரியையே ஒரு நிமிடம் வாயடைக்க வைத்தது. பிறகு எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். அம்மாதான் மற்ற எல்லாரையும்விட உரத்து அழுதார். "என்ர தம்பி, என்ர தம்பி" என்று அழுதார். கொமாண்டர் அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். அம்மாவுக்கு ஏன் கணக்குப் பிழைக்கிறது என்று நான் அந்த நேரத்திலும் யோசித்தேன். அவ்வளவு புத்திசாலி.

மகள் நெட்போல் முடிந்து வந்தாள். அவர்களுடைய வழக்கத்தில் விருந்தாளி வந்தால், வீட்டுப் பிள்ளை வாசலில் கிடக்கும் சப்பாத்துகளை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும், போகும்போது காலைப் போட்டுக்கொண்டு லேசாகப் போக. அவள் குனிந்து ஆறு சோடியையும் திருப்பி அடுக்கிய பிறகுதான் உள்ளே கேட்ட சத்தம் அழுகை என்று அவளுக்கு உறைத்தது.

நேரே என்னிடம் வந்தாள். "உங்கட வீட்டுக்கு ஆர் ஃபோன் எடுத்தது?" அவள் கேட்டது இங்கிலீஷில். என் இங்கிலீஷும் நொண்டி, தமிழும் நொண்டி. ஆனபடியால் இந்தக் கதை முழுக்க இரண்டு நொண்டியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடக்கும்.

"ஒருத்தரும் எடுக்கேல்லை."

"அப்ப எப்படித் தெரியும்?"

நான் படத்தைக் காட்டினேன்.

"அது அப்பா முந்தி அனுப்பின படம்! சங்கத்தில பெருசாக்கித் தந்தவை. வடிவா இருக்கெண்டு அம்மா மாட்டினவ!"

"விளக்கு?"

"அந்த மூலை இருட்டு!"

கன்னத்தில் ஒன்று விழுந்தது. நெட்போல் விளையாடுகிற கை. நான் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அம்மாமாருக்குத் தமிழில் அறிவித்தேன்: "ஆள் சாகேல்லையாம்."

ஒப்பாரி நடுவரியில் நின்றது.

"மெய்யேடா?" என்றார் அம்மா. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

எழும்பி வாசலுக்கு வந்தார்கள். அங்கே இன்னொரு கரைச்சல். ஓர் அன்ரி சப்பாத்துகளைப் பார்த்துவிட்டுக் குசுகுசுத்தார்: "பார்த்தியளே, திருப்பி வைச்சிருக்கு. வெளிய போங்கோ எண்டு காட்டுது அந்தப் பெட்டை." அதைவிடப் பெரிய சிக்கல், விடைபெறுவது.

"சொல்லிப்போட்டுப் போறதோ, சொல்லாமல் போறதோ?"

"செத்த வீடெண்டாத்தான் சொல்லாமல் போறது. ஆள் உயிரோட இருக்கேக்க சொல்லாமல் போனால் அதுவே கூடாது."

"அப்ப போட்டு வாறம் எண்டு சொல்லுவமே?"

"உயிரோட இருக்கிறாரெண்டு ஆருக்குத் தெரியும்?"

 சொல்லியும் சொல்லாமலும், கையை அரைகுறையாக அசைத்துக்கொண்டு கார்களில் ஏறினார்கள்.

பிழை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அன்ரி நம்பவில்லை. மகள் படத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னாள், நான் முழங்காலில் நின்று சொன்னேன். அவர் எங்கள் தலையைத் தடவிவிட்டார், அவ்வளவுதான். அவர்களுடைய ஊரில் கெட்ட செய்தியை ஒரேயடியாகச் சொல்லமாட்டார்களாம். அயல்பெண்கள் வந்து கட்டிப்பிடிப்பார்களாம், பிறகு ஆள் தாங்கமாட்டாது என்று கண்டால், "இல்லை, பிழையாம், காயம் மட்டும்தானாம்" என்று பின்வாங்குவார்களாம். நாங்கள் எதையோ அறிந்து வந்து, அவர் விழுந்ததைப் பார்த்துப் பயந்து மறைக்கிறோம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அது பொய்யாகவே இறுகியது.

சங்கத்து ஆண்கள் வந்தார்கள். முன்னறையில் வரிசையாக இருந்து சின்னக் கோப்பையில் கோப்பி குடித்தார்கள், சிகரெட் பிடித்தார்கள். அவர்களிடமும் ஒரு தகவலும் இல்லை. 'அவர் சாகவில்லை' என்று சத்தியம் பண்ண ஒருத்தருக்கும் துணிவு வரவில்லை. ஆக, வந்தவர்களும் துக்கம் விசாரித்த மாதிரியே ஆகிவிட்டது.

கொமாண்டருடைய குரல் ஒன்று வந்தால்தான் அன்ரிக்கு உயிர் வரும், எனக்கும் வரும். அதற்கு மூன்று கிழமையும் ஒரு நாளும் பிடித்தது. நான் இருந்த இடத்தில் இருக்கவில்லை. யன்னலடிக்கு ஓடுவேன், தொலைக்காட்சிக்கு ஓடுவேன், சாமிப்படத்துக்கு முன்னால் ஓடுவேன். அவர் உயிரோடு வந்தால் இனி வாயே திறக்கமாட்டேன் என்று நேர்த்தி வைத்தேன். அந்த நேர்த்தி நிறைவேறவில்லை என்பதற்கு நீங்களே சாட்சி. மகள் பள்ளிக்கூடத்துக்கு ரோட்டின் மற்றப் பக்கத்தால் போனாள். அன்ரி கழுவிய யன்னலையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

அம்மா ஒவ்வொரு நாளும் பின்னேரம் சாப்பாடு கொண்டுபோனார். செத்த வீட்டில் அடுப்பு எரியாது, அயலவர்தான் கொடுக்க வேண்டும். "சாகாத செத்த வீட்டுக்கு நீர் எத்தினை நாளைக்குச் சமைக்கப் போறீர்?" என்று அப்பா கேட்டார். அம்மா பாத்திரத்தை மூடிக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.

அந்தக் காலத்தில்தான் எனக்கு அம்மாவின் தம்பி ஞாபகத்துக்கு வந்தார், என் மாமா. இயக்கத்துக்குப் போனவர். அவர் இறந்த செய்தி, நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்த புதிதில், ஒரு ஃபிளாட்டில் இருக்கும்போது கடிதமாக வந்தது, ஆள் போய் மூன்று மாதம் கழித்து. அம்மா கடிதத்தைப் படித்துவிட்டு வாயைத் திறந்தார். அப்பா பாய்ந்து வந்து அந்த வாயைக் கையால் பொத்தினார். "சத்தம் போடாதையும். பக்கத்து வீட்டுக்காரன் பொலிசுக்கு அடிப்பான்." சுவர் மெல்லிய சுவர்தான். விசாவும் அந்த நேரம் மெல்லிசுதான். அம்மா வாயை மூடிக்கொண்டு குசினிக்குப் போய் வெங்காயம் வெட்டினார். நான் மேசைக்குக் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா படம் எங்கள் வீட்டுச் சுவரில் ஏறவேயில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் ரோட்டில் ஒரு கூக்குரல்.

"ஏய் கொலைகாரா! கெதியா வா! அப்பா லைன்ல!"

அப்போது அவள் எனக்கு வைத்திருந்த பெயர் அதுதான். அம்மாவும் நானும் வெறுங்காலோடு ஓடினோம். அன்ரி ரிசீவரைப் பாம்பைப் பிடித்த மாதிரித் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். குரலை நம்பவில்லை. மாட்டுக்கொட்டில் வகுப்பில் கரும்பலகையை எங்கே ஒளித்தாய் என்று கேட்டாராம். வைக்கோலுக்குக் கீழே என்று பதில் வந்தது. அன்ரி சுவரோடு சாய்ந்தார். யாரோ கடனாய்க் கொடுத்த போனில் இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தையும் அவர் புருஷனைத் திட்டியே முடித்தார். கடைசி வினாடிகளில் மகள் பறித்து, அயல்வீட்டுப் பெண்கள் வந்து செத்த வீடு கொண்டாடியதைச் சொன்னாள். மற்றப் பக்கம் சிரிப்பு வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. "எத்தினை பேர் அழுதவை?" என்று மட்டும் கேட்டாராம். லைன் அறுந்தது.

வெளியே வந்ததும் அம்மா என் முதுகில் நாலு போட்டார், பிறகு கட்டிப்பிடித்தார்.

நடுக்குளிர்காலத்தில் கொமாண்டர் திரும்பி வந்தார். தாடி இல்லை. கழுத்து மெலிந்து, கொலர் பெருத்துப் போயிருந்தது. சங்கம் மேளம் அடித்து வரவேற்றது. அடுத்த நாளிலிருந்து அவர் டிரைவ்வேயில் நடக்கத் தொடங்கினார். மேலே, கீழே, மேலே, கீழே. சாப்பிடும்போதும் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறார் என்று மகள் சொன்னாள். அவர் நடக்கிறதைப் பார்த்தாலே எங்கள் கால் உளையும்.

ஒரு நாள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"நீதானே என்னைக் கொன்றவன்?"

"ஓம் அங்கிள். சொறி அங்கிள்."

"எப்படி எண்டு சொல்லு."

நடந்துகொண்டே சொன்னேன். உடுப்புக் கவ்வி, சப்பாத்து, சீமெந்து குழைச்ச கை எல்லாம். முதலில் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். பிறகு அந்த ஒப்பாரியை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு, "அந்தப் பெண்களுக்கு என்னைத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அம்மாவுக்கு மட்டும் தெரியும்."

"தெரியாமலேயே அழுதார்களா?"

"ஓம். எங்கட ஆக்கள் அப்பிடித்தான்."

அவர் டிரைவ்வேயின் மற்ற முனைக்கு நடந்தார்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்கோ, இருங்கோ." அவர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் குறிப்புக் கொப்பி எடுத்தார். அவர் சொல்ல மகள் எனக்குச் சொன்னாள், நான் அம்மாவுக்குச் சொன்னேன். அன்றைக்கு உப்பும் சேர்க்கவில்லை, புளியும் சேர்க்கவில்லை.

ஒரு விடியலில் ஒன்பது பேரை ஒரு மலைமுகட்டுக்கு அனுப்பினாராம். மூடுபனி மத்தியானம் வரை நிற்கும் என்று கணக்குப் போட்டாராம். அந்த மலைகளின் பனியை வகுப்பில் படம் கீறிப் படிப்பித்தவர் அவர். பனி ஒன்பது மணிக்கே எழும்பிவிட்டது. பின்னேரம் அவர்தான் ஏறிப் போய் அவர்களை இறக்கினாராம். தாய்மார் எல்லாரும் எல்லை தாண்டி ஓடியிருந்தார்கள். புதைக்கும்போது எதிரி பக்கத்தில் இருந்தான்.

"சத்தம் கேட்டால் பிடிபடுவோம் எண்டு அப்பா ஒருத்தரையும் அழ விடேல்லையாம்," என்றாள் மகள். "அதிலே ஒருத்தன்ர அண்ணன் பக்கத்தில நிண்டவனாம். அப்பா அவன்ர வாயைக் கையால பொத்தினவராம்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். அப்பா பார்வையை யன்னல் பக்கம் திருப்பினார்.

கொமாண்டர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: உயிரோடிருந்த எனக்கு வந்து அழுதீர்கள். இவர்களுக்கு அழுவீர்களா?

அப்பாதான் முதலில் வாய் திறந்தார். குரல் பலமில்லாமல் இருந்தது. "இஞ்சரும், பிரேதமில்லாமல் ஒப்பாரி வைக்கிறது வீட்டுக்குக் கூடாது. ஒருக்கா வைச்சு நாங்கள் பட்டது காணாதே? அவை ஆர், நாங்கள் ஆர்?"

"அப்ப எங்க வைச்சு அழச் சொல்லுறியள்?" என்றார் அம்மா. சத்தம் போடவில்லை, கேள்வியாகத்தான் கேட்டார். "ஃபிளாட்டிலையும் கூடாது. வீட்டிலையும் கூடாது. நான் எங்க வைச்சு அழ?"

அப்பா யன்னலை விட்டு வந்தார். பிறகு கொமாண்டரிடம் திரும்பி, தன்னுடைய இங்கிலீஷில் கேட்டார்: "உங்கட கராஜ் பெருசுதானே? கதிரை காணாது. நான் கோயிலில வாங்கு கேட்டு எடுத்துக்கொண்டு வாறன்."

அடுத்த சனிக்கிழமை காலை. கராஜில் கார் இல்லை, வாங்குகளும் பாயும். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆறு பேர், அவர்கள் பக்கத்தில் பதினைந்து. ஆண்கள் வெளியே டிரைவ்வேயில், குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு. மகள் சப்பாத்துகளைத் திருப்பி அடுக்க, ஓர் அன்ரி தன் சோடியை மெதுவாக மறுபடி உள்பக்கம் திருப்பி வைத்ததை நான் கண்டேன்.

ஒப்பாரி அன்ரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தம்பி, ஓரொரு ஆளாய்ச் சொல்லு. பேரும் வேணும், குணமும் வேணும். சும்மா ஆளுக்கு அழ ஏலாது."

நான் வெளியே ஓடினேன். கொமாண்டர் கொப்பியைத் திறந்து ஒரு பெயர் சொன்னார். இடது பக்கம் பெயர், வலது பக்கம் ஆள் விழுந்த மலை. ஒன்பது பேருக்கும் ஒரே மலைதான், ஆனால் ஒன்பது தரம் எழுதியிருந்தார். குணம் கொப்பியில் இல்லை. அதை நின்று யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பேக்கரிக்காரனின் மகன். அடுத்தவன் எப்போதும் விசிலடிப்பான். ஒருத்தனுக்கு எவ்வளவு தின்றாலும் பசி. ஒருத்தனுக்கு நாய்க்குப் பயம், துவக்குக்குப் பயமில்லை. ஒருத்தன் மாட்டுக்கொட்டில் வகுப்பில் படித்தவன், வரைபடத்தில் ஆறுகளை எல்லாம் பச்சையாய்க் கீறி அடி வாங்கினவன்.

நான் உள்ளே ஓடிச் சொல்வேன். ஒப்பாரி அன்ரி ஒரு கணம் கண்ணை மூடுவார்:

"ஆறெல்லாம் பச்சை எண்டு கீறினியே, என்ர குஞ்சு,
ஆத்தைக் கடக்க முன்னம் போனியே..."

சொல் விளங்காத பெண்களும் அவர்களுடைய பாணியில், நெஞ்சில் கைவைத்து, நீளமாக இழுத்து அழுதார்கள். இரண்டு அழுகையும் ஒன்றோடொன்று முட்டாமல் போனது எனக்குப் புதினமாக இருந்தது. நான் உள்ளுக்கும் வெளிக்குமாக ஒன்பது தரம் ஓடினேன். ஒவ்வொரு தரமும் வெளியே வரும்போது கொமாண்டரின் நடை கொஞ்சம் சுருங்கியிருந்தது.

ஒன்பதாவது முடிந்தது. முடிந்தது என்று சொல்ல வெளியே திரும்பினேன். அம்மா என் கையைப் பிடித்தார். முகம் முழுக்க ஈரம்.

"மாமான்ர பேரையும் குடு. எழுதச் சொல்லு."

நான் போய்ச் சொன்னேன். கொமாண்டர் ஏனென்று கேட்கவில்லை. பத்தாவது வரியில் இடது பக்கம் பெயரை எழுதினார். பேனா வலது பக்கத்துக்கு நகர்ந்து நின்றது.

"எந்த மலை?"

"மலை இல்லை அங்கிள். எங்கட ஊரில மலையே இல்லை. எல்லாம் மட்டம்."

அவர் தலையை நிமிர்த்தினார். பூமிசாஸ்திர வாத்தியாருக்கு அது நம்பமுடியாத விஷயம் போல.

"மலை இல்லாமல் அவர் எங்கே ஒளித்திருந்தவர்?"

எனக்குத் தெரியவில்லை. மாமாவைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருத்தரும் கதைத்ததே இல்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வாங்கின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கட வீட்டில எண்டு சொல்லு," என்றார் அப்பா. "உனக்கு நாலு வயசு. குசினிக்குப் பின்னறையில வைச்சிருந்தனான். ரெண்டு மாதம். நான்தான் சோறு குடுத்தனான் எண்டு சொல்லு."

நான் சொன்னேன். கொமாண்டர் மலை எழுத வேண்டிய இடத்தில் தன் பாஷையில் 'வீடு' என்று எழுதினார். கராஜுக்குள் ஒப்பாரி அன்ரி மாமாவின் குணம் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைச் சொல்லவும் அப்பாதான் உள்ளே போனார்.